மரைக்காயர் என்னும் பெயர்: காரைக்கால் கரையிலிருந்து ஒரு கணக்கு

காரைக்கால் மாவட்டத்தின் வட எல்லையில், நண்டலாற்றை ஒட்டிய ஊர் பூவம். சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. சற்று வடக்கே போனால் தரங்கம்பாடி. தெற்கே காரைக்கால், அதற்கும் தெற்கே நாகூர், நாகப்பட்டினம். தரங்கம்பாடிக் கோட்டையிலிருந்து நாகப்பட்டினத் துறைமுகம் வரை இந்தக் கரை நாற்பது கிலோமீட்டர்கூட இராது. தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைப் பெற்ற பிறகு, இந்தச் சிறு தொலைவுக்குள் மூன்று ஐரோப்பிய நிர்வாகங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு பேரேடு எழுதின. தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனியர்கள்; காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள்; நாகப்பட்டினத்தில் 1781 வரை டச்சுக்காரர்கள், பிறகு ஆங்கிலேயர்கள். மூவருடைய சுங்கச் சாவடிகளிலும் வந்து நின்று, பெயரைச் சொல்லி, சரக்கை எழுதிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஒரே உறவுவட்டத்து மனிதர்கள். அவர்களில் பலர் பெயர் மரைக்காயர் என்று முடிந்தது.

தமிழர்களிடம் குடும்பப்பெயர் என்று ஒன்று இருந்ததில்லை என்பது பொதுவாக உண்மை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடும். சாதிப் பட்டங்கள் பெயருக்குப் பின்னால் ஒட்டின; அவையும் குடும்பத்தைக் குறித்தவை அல்ல, சமூகத்தில் ஒருவர் நின்ற இடத்தைக் குறித்தவை. அப்படியிருக்க, மரைக்காயர் என்னும் பட்டம் காரைக்காலிலும் இலங்கையிலும் பினாங்கிலும் பாரிஸ் புறநகரிலும் தந்தையிடமிருந்து பிள்ளைக்குப் போகும் குடும்பப்பெயராகவே இன்று புழங்குகிறது. அதே பட்டம், அது மிக அடர்த்தியாக இருந்த தமிழ்நாட்டுக் கரையில் மெல்ல மறைந்துவருகிறது. இந்த முரண்பாட்டுக்குக் காரணத்தை ரத்தவழியில் தேடினால் கிடைக்காது. எங்கெல்லாம் ஓர் அரசு அலுவலகம் 'உன் குடும்பப்பெயர் என்ன?' என்று கேட்டதோ, அங்கெல்லாம் பட்டம் குடும்பப்பெயராக உறைந்தது. கேட்காத இடத்தில் பட்டமாகவே இருந்து தேய்ந்தது. பெயரின் பரவலை அளக்க வருபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த அலுவலகங்களைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு வழக்குகள் வலுவாக உள்ளன. ஒன்று அரபு வழக்கு. கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பார்கள். இதற்கு ஒரு கதையும் உண்டு: சொந்த நாட்டில் துன்புறுத்தலுக்கு ஆளாகிக் கடல் கடந்து இந்தக் கரையில் இறங்கியவர்களிடம் 'நீங்கள் யார்?' என்று ஊரார் கேட்டார்களாம், மொழி தெரியாமல் அவர்கள் தங்கள் கப்பலைக் காட்டி 'மர்கப்' என்றார்களாம், அதுவே பெயராகிவிட்டதாம். தென்னார்க்காடு மாவட்டத்தைப் பற்றி எழுதிய பிரான்சிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி இதைப் பதிந்தார். 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகள் வழியாக அது ஊரெல்லாம் பரவியது. இன்னொன்று தமிழ் வழக்கு. மரக்கலத்தை உடையவர் மரக்கலராயர். அது பேச்சில் மரைக்காயர், மரைக்கார் என்று தேய்ந்தது என்பது.

முதல் கதையை நான் ஏற்கவில்லை. இறங்கிய இடத்தில் கேட்ட கேள்விக்குக் கிடைத்த தவறான பதிலே பெயராயிற்று என்னும் கதைகள் உலகின் பல துறைமுகங்களில் உண்டு; அவை பெயர் வந்த பிறகு கட்டப்படுபவை. தமிழ் வழக்குக்கு வெளியிலிருந்தே சாட்சி கிடைக்கிறது. சிங்களத்தில் முஸ்லிம்களை 'மரக்கல' மக்கள் என்று சொல்லும் பழைய வழக்கம் உண்டு. கர்நாடகத்தின் உடுப்பி, குந்தாப்பூர்க் கரையில் மொகவீரர் என்னும் இந்து மீனவச் சமூகத்தாருக்கு 'மரகால' என்று ஒரு பெயர் இருக்கிறது. அவர்களுக்கும் அரபு நாட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மதம் வேறு, மொழி வேறு. ஆனால் இரண்டிலும் நிற்பது மரக்கலம். அரபும் தமிழும் ஒருசேரப் புழங்கிய கடலோடிகளின் வாயில் மர்கப்பும் மரக்கலமும் ஒன்றையொன்று தாங்கியிருக்கலாம். அடித்தளம் தமிழ்ச் சொல்தான்.

சொல்லின் வேரைவிட முக்கியம், அது முதலில் யாரைக் குறித்தது என்பது. பழைய ஆவணங்களில் இந்தப் பட்டத்தோடு தென்படுபவர்களைப் பாருங்கள். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சியில் போர்ச்சுகீசியருக்குச் சரக்குத் தந்த பெரும் வணிகர்களில் மரக்கார்கள் இருந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து அரிசி கொண்டுபோய் விற்றவர்கள் அவர்கள். பிற்பாடு போர்ச்சுகீசியரோடு பகை முற்றி, கோழிக்கோட்டு மன்னர் சாமூத்திரியின் கடற்படைத் தலைவர்களாக நின்ற நான்கு குஞ்ஞாலி மரக்கார்களும் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள்தாம். நான்காம் குஞ்ஞாலி 1600-இல் சரணடைந்தபின் கோவாவில் கொல்லப்பட்டார். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழக்கரையில் சீதக்காதி என்று தமிழ்ப் புலவர்கள் பாடிய ஷேக் அப்துல் காதிர் மரைக்காயர், இராமநாதபுர மன்னர் கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர். மிளகும் அரிசியும் துணியும் முத்தும் ஏற்றிய கப்பல்களுக்கு உடையவர். உமறுப் புலவரின் சீறாப்புராணம் எழுத அவர் ஆதரவு தந்தார். அவர் காலத்துக்குப் பிறகு அந்த நூல் நிறைவேறத் துணைநின்றவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர்.

இவர்கள் எல்லோரும் கப்பல் உடையவர்கள், பெருவணிகர்கள். அதே கப்பலில் போன மாலுமியும் தண்டலும் பாய் இழுத்தவனும் அன்று மரைக்காயர் இல்லை. கப்பலை நடத்திச் செல்பவர் நகுதா. வழி காட்டுபவர் மாலிமார். ஆக, மரைக்காயர் என்பது தொடக்கத்தில் ஒரு தொழில்நிலைப் பட்டம். முதலியாரும் பிள்ளையும் எப்படி உயர்நிலையைக் குறித்த பட்டங்களாகத் தொடங்கிப் பெரும் சமூகங்களின் பெயராக விரிந்தனவோ, அப்படியே இதுவும் கப்பலுடையவரிடமிருந்து அவர் உறவுக்கும், உறவிலிருந்து துறைமுகத் தெருவுக்கும் விரிந்தது. ஷாபி மத்ஹப் என்னும் மார்க்கச் சட்டநெறியைப் பின்பற்றும் கரையோர வணிக முஸ்லிம்கள் மரைக்காயர். ஹனபி மத்ஹபைப் பின்பற்றும் உள்நாட்டார் பெரும்பாலும் ராவுத்தர். மார்க்கக் கல்வியோடு தொடர்புள்ளவர் லப்பை என்று ஒரு பாகுபாடு எழுந்தது. அது எங்கும் கோடு போட்டதுபோல் நடைமுறையில் இருந்ததில்லை. செல்வம் வந்தபோது லப்பை மரைக்காயரானதும் உண்டு. இரண்டு பட்டங்களையும் சேர்த்தே வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அப்துல் கலாமின் அண்ணன் பெயரே முத்து மீரா லெப்பை மரைக்காயர்.

பட்டமும் பரம்பரையும் வேறுவேறு என்பதற்கு இலங்கையின் கிழக்குக் கரையைவிடத் தெளிவான சான்று இல்லை. மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பகுதி முஸ்லிம் ஊர்களில் தாய்வழிக் குடிகள் உண்டு. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் இருப்பார். அவரை மரைக்கார் என்பார்கள். மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். குடி தாய்வழிப்பட்டதால், அந்தப் பதவிக்கு உரிமை தந்தையின் வழியில் வருவதில்லை. அங்கே மரைக்கார் என்பது கப்பலையும் குறிக்கவில்லை, குடும்பத்தையும் குறிக்கவில்லை; ஒரு பொறுப்பைக் குறிக்கிறது. ஒரே சொல், பாக்கு நீரிணையின் இரு பக்கத்தில் இரு வேறு விதிகளின்படி கைமாறுகிறது. ஒரு மூதாதையிடமிருந்து கிளைத்த வம்சத்தின் பெயர் இது என்று நம்பித் தேடுபவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

இனி, பெயர் உறைந்த இடங்களுக்கு வருவோம்.

இலங்கையில் உறைந்தது ஆங்கிலேயர் காலத்தில். கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிமுடித்தவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். கட்டடம் 1877-இல் திறக்கப்பட்டது. அவர் பெயரைக் கவனியுங்கள்: தந்தை பெயரும் மரிக்காரில் முடிகிறது, தன் பெயரும் மரிக்காரில் முடிகிறது. இரண்டு இடத்திலும் அது பட்டமாகத்தான் நிற்கிறது, இன்னும் குடும்பப்பெயராகவில்லை. காலியில் 1860-இல் நகைக்கடை தொடங்கிய ஓ.எல்.எம். மாக்கான் மாக்காரின் அடுத்த தலைமுறையில் நிலை மாறிவிடுகிறது. மாக்கான் என்னும் இயற்பெயரும் மாக்கார் என்னும் பட்டமும் சேர்ந்து 'மாக்கான் மாக்கார்' என்று ஒரே குடும்பப்பெயராகிறது. டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931-இல் அமைந்த அரசாங்க சபையில் அமைச்சராக இருந்த சேர் முகம்மது மாக்கான் மாக்கார் அந்தப் பெயரைத் தாங்கியவர். பேருவளையில் பிறந்து 1978 முதல் 1983 வரை நாடாளுமன்றச் சபாநாயகராக இருந்த பாக்கீர் மாக்காரின் வீட்டிலும் இதுவே நடந்தது. தந்தைக்கு பாக்கீர் இயற்பெயர். மகன் இம்தியாஸுக்கு 'பாக்கீர் மாக்கார்' குடும்பப்பெயர். 1956-இல் பண்டாரநாயக்கா அமைச்சரவையில் இருந்த சி.ஏ.எஸ். மரிக்காரோ பட்டத்தை மட்டும் இறுதியில் வைத்தார். இரண்டு எழுத்துக்கூட்டலும் ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் யார் எப்படி எழுதினார்கள் என்பதுதான் வேறுபாடு.

மலேசியாவில் கதை வேறு. 1786-இல் பினாங்கு ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது அங்கே குடியேறியவர்களில் சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் முந்தியவர்கள். ஆங்கிலேயர் அவர்களைச் சூலியா என்றார்கள். அவர்களின் தலைவர் பரங்கிப்பேட்டையிலிருந்து போன காதிர் முகைதீன். 1801-இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அவர் பதவிப் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் காலத்தவரின் வழியில் வந்தவர்கள் மலாய்க் குடும்பங்களோடு மணவுறவு கொண்டு, மொழியாலும் மலாயரானார்கள். பட்டம் அங்கே 'மெரிக்கன்' என்று திரிந்து பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டது. வேறு சில குடும்பங்களில் 'மரிக்கான்' என்பது ஒருவருடைய இயற்பெயராகவே வைக்கப்பட்டு, மகன் பெயரில் 'பின்' என்ற சொல்லுக்குப் பின் தந்தை பெயராக வருகிறது. மலாய் வழக்கிலும் குடும்பப்பெயர் கிடையாது, தந்தை பெயர்தான். அந்த வழக்குக்குள் நுழைய வேண்டுமானால் பட்டம் ஒருவரின் சொந்தப் பெயராக மாறித்தான் ஆக வேண்டும். இன்று மெரிக்கன் என்று பெயருள்ள ஒருவர் தமிழ் பேசாமல் இருக்கலாம், தமிழ்நாட்டை அறியாமல் இருக்கலாம். பரங்கிப்பேட்டையின் மரக்கலம் மட்டும் பெயரில் மிதக்கிறது.

காரைக்காலின் நிலைமைதான் இவை எல்லாவற்றிலும் ஆராயத்தக்கது. பிரெஞ்சுச் சட்டத்துக்குக் குடும்பப்பெயர் இல்லாத மனிதரைக் கையாளத் தெரியாது. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், எழுதவேண்டும். எழுதும் படிவத்தில் ஓர் இடம் இயற்பெயருக்கு, ஓர் இடம் குடும்பப்பெயருக்கு. எத்தாசிவில் என்று இன்றும் காரைக்கால், புதுச்சேரிப் பெரியவர்கள் சொல்லும் அந்தப் பதிவேட்டில் தமிழ்ப் பெயர்கள் படாத பாடு பட்டன. பிள்ளை என்னும் பட்டம் 'புல்லே' என்று எழுதப்பட்டு முன்னுள்ள பெயரோடு ஒட்டியது. ரீயூனியன் தீவில் வீரப்பிள்ளை என்பது 'விராபுல்லே' என்று ஒரே குடும்பப்பெயராகியிருப்பதை அந்தத் தீவின் அரசியலைக் கவனிப்பவர்கள் அறிவார்கள். மரைக்காயர் 'மரிகார்' ஆயிற்று. அது தனிச் சொல்லாகக் கடைசியில் நின்றதால், குடும்பப்பெயருக்கான இடத்தில் எந்தச் சிக்கலும் இல்லாமல் போய் உட்கார்ந்தது.

1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை இதில் ஒரு திருப்பம். பிரெஞ்சிந்தியாவில் பிறந்த எவரும், சாதியோ மதமோ பாராமல், தம் இனத்துக்குரிய தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வரலாம் என்றது அது. துறப்பவர் தமக்கும் தம் வழியினருக்கும் ஒரு குடும்பப்பெயரை அறிவிக்க வேண்டும். இப்படித் துறந்தவர்களைத்தான் ரெனோன்சான் என்பார்கள். அவர்களின் முன்னோடி, புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. ஐரோப்பியர்போல் பூட்ஸ் அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காக 1873-இல் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றவர். அவர் எடுத்துக்கொண்ட குடும்பப்பெயர் 'லப்போர்த்'. பிரெஞ்சில் கதவு என்று பொருள். ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர், கிறித்தவர்கள் பலர், அவரைப் பின்பற்றிப் புதிய பெயர்களைச் சூடினார்கள். சாதியைச் சொல்லும் பெயரை விட்டு யாரையும் சுட்டாத பெயரைப் பெறுவது அவர்களுக்கு ஒரு விடுதலை. அந்த ஆசையின் நியாயத்தைச் சந்தேகிக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

காரைக்கால் முஸ்லிம்கள் பெரும்பாலும் துறக்கவில்லை. ஷரீயத்தின்படியான திருமணத்தையும் சொத்துரிமையையும் விட்டுக்கொடுக்க அவர்கள் விரும்பவில்லை. மேல்சாதி இந்துக்களும் அவ்வாறே, சண்முக வேலாயுத முதலியாரின் தலைமையில் துறப்பை எதிர்த்தார்கள். ஆனால் துறக்காதவர்களும் பிரெஞ்சுக் குடிமக்களாகவே பதிவேட்டில் இருந்தார்கள். விளைவு விந்தையானது. ரெனோன்சான்களின் குடும்பப்பெயர்கள் 1881-க்குப் பின் பிறந்தவை; அவற்றின் மூலம் எந்த நாள், எந்த அலுவலகம் என்று சொல்லிவிடலாம். மரிகார் என்ற பெயரோ துறவாமலேயே, அறிவிக்காமலேயே குடும்பப்பெயராயிற்று. ஒன்று தேர்ந்தெடுத்த பெயர். மற்றது எழுதுபவர் கண்டெடுத்த பெயர்.

பட்டமே இல்லாமல் கப்பலேறியவர்களின் நிலையையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். காரைக்கால் வெறும் வணிகத் துறைமுகம் அல்ல. கூலிகளை ஏற்றிய துறைமுகமும்கூட. அடிமைமுறை 1848-இல் ஒழிந்தபின், ரீயூனியனுக்கும் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஆட்கள் போனார்கள். முதல் கப்பல் 'ஒரேலி' 1853-இல் மார்த்தினிக்கையும், 1854 டிசம்பரில் குவாதலூப்பையும் அடைந்தது. அந்தத் தீவுகளின் தோட்டங்களில் ஒவ்வொருவரின் ஒற்றை இயற்பெயரும் அவருடைய பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயராகிவிட்டது. குவாதலூப் இந்தியரின் குடியுரிமைக்காக இருபது ஆண்டு வழக்காடி 1923-இல் வென்ற ஹென்றி சிதம்பரம், தம் தந்தையின் சொந்தப் பெயரைத்தான் குடும்பப்பெயராகத் தாங்கினார். காரைக்கால் கரையிலிருந்து ஒரே பத்தாண்டில் கிளம்பிய இரு கப்பல்களில், ஒன்றின் சொந்தக்காரர் பெயரில் பட்டம் உறைந்தது. மற்றதன் அடித்தட்டில் கிடந்தவர் பெயரில் அப்பன் உறைந்தான். பட்டமுள்ளவருக்கு வரலாறு தேட ஆவணம் கிடைக்கிறது. சிதம்பரம் என்ற பெயரிலிருந்து ஊரைத் தேடிப் போவது எவ்வளவு கடினம் என்று அந்தத் தீவுகளிலிருந்து வேர் தேடி வரும் குடும்பங்கள் அறியும்.

இந்தோசீனாவும் ஒரு பெரிய அத்தியாயம். பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைப் பிடித்தபின், காரைக்கால் முஸ்லிம்கள் துணிக்கடை, பணம் மாற்றுதல், சில்லறை வாணிகம் என்று அங்கே குடியேறினார்கள். சைகோன் நகரின் நடுவில் 1935-இல் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இன்றும் தொழுகை நடக்கும் இடம். பிரெஞ்சுக் கொடிக்குள்ளேயே நடந்த இந்தப் பயணத்தில் பெயரின் எழுத்துக்கூட்டல் மாறவில்லை. காரைக்காலில் எழுதியது சைகோனிலும் செல்லும். சைகோனில் எழுதியது பாரிசிலும் செல்லும். நாகூர்க்காரர் பினாங்குக்குப் போனால் ஆங்கிலக் குமாஸ்தாவின் காதைப் பொறுத்து மரிக்கான், மெரிக்கன், மரக்காயர் என்று ஆளுக்கொரு விதமாக ஆனார்கள். இன்று மரிகார் என்ற எழுத்துக்கூட்டலைக் கண்டாலே பிரெஞ்சுத் தொடர்பை ஊகிக்க முடிவது இதனால்தான்.

1954 நவம்பர் 1-இல் காரைக்கால் நடைமுறையில் இந்தியாவோடு இணைந்தது; சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அன்று தொடங்கி ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று உடன்படிக்கை சொன்னது. எழுதிக்கொடுத்தவர்களின் பிள்ளைகள் பிரான்சில் குடும்பப்பெயரோடு தொடர்ந்தார்கள். எழுதிக்கொடுக்காத வீடுகள் பலவற்றில் பெயர் மறுபடி தமிழ் வழக்குக்குத் திரும்பியது: தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால், இயற்பெயர் பின்னால், பட்டம் விட்டுப்போயிற்று. காரைக்காலில் பிறந்து, 1967-இல் இருபத்தொன்பது வயதில் புதுச்சேரி முதலமைச்சரான பாரூக் மரைக்காயர் இந்த இரண்டு வழக்குக்கும் நடுவில் நிற்கிறார். அரசாங்க ஆவணங்களிலும் தேர்தலிலும் அவர் எம்.ஓ.எச். பாரூக், ஊர்ப் பேச்சில் கடைசிவரை மரைக்காயர். ஜார்க்கண்டுக்கும் கேரளத்துக்கும் ஆளுநராகப் போனபோதும் முதலெழுத்துகள்தாம் முன்சென்றன. இராமேசுவரத்தில் ஜைனுலாப்தீன் மரைக்காயரின் மகன் அப்துல் கலாம் ஆனதும் இப்படித்தான். நாடு முழுதும் அறிந்த பெயரில் மரைக்காயர் இல்லை.

அப்படியானால் எத்தனை பேர்? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், அந்தக் கணக்கை எடுத்தவர்களே திணறினார்கள் என்பதுதான். 1901-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணக் குடிக்கணக்கு அறிக்கை மரைக்காயரைத் தனிப்பிரிவாக எழுதிவிட்டு, அவர்களையும் லப்பைகளையும் குழப்பிக் கணக்கிட்டிருக்கக் கூடும், மரைக்காயர் எண்ணிக்கை இருக்கவேண்டியதைவிடக் குறைவு என்று தானே ஒப்புக்கொண்டது. காரணம் எளிது. கணக்கெடுப்பவர் சமூகப்பெயர் கேட்கிறார். ஒருவர் மதத்தைச் சொல்கிறார், ஒருவர் பட்டத்தைச் சொல்கிறார், ஒருவர் தொழிலைச் சொல்கிறார். அதன்பின் நூறாண்டு கழிந்தும் குழப்பம் தீரவில்லை. அது இப்போது சட்டமாகவே இருக்கிறது. தமிழ்நாடு 2007-இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு தந்தபோது, பட்டியலில் 'லப்பை' என்னும் தலைப்புக்குள் ராவுத்தரும் மரைக்காயரும் அடக்கப்பட்டார்கள். சான்றிதழ் வாங்கும் மாணவருக்கு அந்தத் தலைப்பு போதும். ஆகவே அரசுக் கணக்கில் மரைக்காயர் என்று தனியே யாரும் இல்லை. இடஒதுக்கீட்டின் தேவையை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலை வைத்து மக்கள்தொகை எழுதப் புகுபவர்கள் வழிதவறுவார்கள்.

காரைக்கால் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி 2,00,222 பேர். அவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் முஸ்லிம். அந்த ஏழில் ஒருவருக்குள் மரைக்காயர், ராவுத்தர், லப்பை, உருது பேசுவோர் எல்லோரும் உண்டு. நகரின் பழைய தெருக்களில் மரைக்காயர் அடர்த்தி. பூவம், கோட்டுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் வயலும் மீன்பிடியும் முதன்மை, பட்டம் சுமந்த வீடுகள் குறைவு. இந்தியக் குடிக்கணக்கு குடும்பப்பெயரை வைத்து எதையும் வெளியிடுவதில்லை. பிரான்சின் புள்ளியியல் நிறுவனம் 1891 முதல் பிறந்தவர்களின் குடும்பப்பெயர்க் கோப்பையே வைத்திருக்கிறது. அதனால், தாயகத்தில் எண்ணமுடியாத ஒரு பெயரை அயல்நாட்டில் எண்ணமுடிகிறது. இணையத்தில் 'உலகில் இத்தனை மரிகார்கள்' என்று வரைபடம் போட்டுக் காட்டுபவை இந்த ஏற்றத்தாழ்வைத்தான் காட்டுகின்றன. பெயர் பதிந்த நாடுகள் அதில் பெருத்துத் தெரியும்; காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை சுருங்கித் தெரியும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. குடும்பப்பெயரை வைத்து ஆராய்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் அதைக் கவனியாமல் தாண்டுகிறார்கள். மரைக்காயர் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்தால் அவளுக்கென்று வீடு கட்டவோ, இருக்கும் வீட்டைப் பிரித்துத் தரவோ பெற்றோர் முனைவார்கள். திருமணமானதும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். கப்பல் காலத்தில் ஆண்கள் ஆண்டுக்கணக்கில் பினாங்கிலும் கொழும்பிலும் சைகோனிலும் இருந்தார்கள். ஊரில் தாயும் பெண்மக்களும் சகோதரிகளும் ஒட்டி வாழ்ந்தார்கள். காயல்பட்டினம், கீழக்கரை தொடங்கிக் காரைக்கால் வரை கரையோர ஊர்களில் இந்த வழக்கம் பல அளவுகளில் இருக்கிறது. ஆக, தெரு தாய்வழியில் அடுக்கப்பட்டிருக்கிறது. பெயர்ப்பலகை தந்தைவழியில் எழுதப்பட்டிருக்கிறது. அடுத்தடுத்து நான்கு வீடுகளில் நான்கு வேறு ஆண்பெயர்கள் இருக்கலாம். உள்ளே இருப்பவர்கள் ஒரே பாட்டியின் பேத்திகள். பெண்களின் பெயருக்குப் பின் மரைக்காயர் வருவதில்லை; நாச்சியார், பீவி, உம்மாள் என்று வரும். ஆண்பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு வரையும் வம்சவரைபடத்தில், அந்தத் தெருவை ஒரு தெருவாகக் கட்டிவைத்தவர்கள் ஒருவர்கூட இடம்பெறமாட்டார்கள்.

இந்த இடத்தில்தான் காரைக்காலின் பிரெஞ்சுப் பதிவேடுகள் அருமையானவை ஆகின்றன. பிரெஞ்சுத் திருமணப் பதிவில் மணமகனின் பெற்றோர் பெயரோடு மணமகளின் தாய் பெயரும், வசிக்கும் இடமும் எழுதப்படும்; பிறப்புப் பதிவில் தாயின் சொந்தப் பெயர் இருக்கும். மெட்ராஸ் மாகாணத்தின் பக்கத்து ஊர்ப் பதிவுகளில் இந்த அளவு விவரம் அரிது. காரைக்காலின் பழைய எத்தாசிவில் பதிவேடுகள் பல, பிரான்சின் ஏக்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் படங்களாகவே கிடைக்கின்றன. பிரெஞ்சுக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்து, தமிழ்முஸ்லிம் பெயர்களின் ஓசையும் தெரிந்த ஓர் ஆய்வு மாணவர் தாய்ப்பெயர் வழியாக அவற்றைத் தொடுத்துக்கொண்டு போனால், இந்தக் கரையின் உண்மையான குடும்ப அமைப்பு முதல்முறையாக எழுத்தில் வரும். தென்னிந்தியக் கரையோர முஸ்லிம்களின் கடல்வணிக வரலாற்றை எழுதிய ராஜா முகமது போன்றவர்கள் கப்பல்களையும் சரக்குகளையும் பற்றி அடிப்படை வேலையைச் செய்துவிட்டார்கள். வீடுகளைப் பற்றிய வேலை மீந்திருக்கிறது.

பெயரை உறையவைக்கும் அலுவலகங்களின் வரிசையும் இன்னும் முடியவில்லை. இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்குத் தனி இடம் இருக்கிறது. தமிழர் பலர் அதை வெறுமையாக விட்டுவந்தார்கள். 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கமும் வந்தது. காரைக்கால், நாகூர்ப் பிள்ளைகளுக்குத் துபாயும் ஷார்ஜாவும் அன்றைய பினாங்கு போல. அவர்கள் இப்போது கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்புகிறார்கள். தந்தையின் இயற்பெயரை எழுதுபவர் ஒருபுறம். பாட்டனோடு விட்டுப்போன பட்டத்தைத் தேடியெடுத்து எழுதுபவர் மறுபுறம். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பெயரும் தம்பி ஒரு பெயரும் எழுதுவதும் நடக்கிறது. அடுத்த நூறாண்டில் இந்தப் பெயரை எண்ண வருபவர், அந்த வீட்டில் தங்கைக்குக் கிடைத்த வீட்டுப் பத்திரத்தையும் சேர்த்துக் கேட்டுப் பார்க்க வேண்டும்.